சாம்பல் பருந்தின் தம்பி

ஆபீஸ்ல எனக்குப் பேர் பழைய பேப்பர். கூப்பிடுறவங்க கூப்பிட்டுட்டுப் போகட்டும். முப்பத்தெட்டு வருஷமா வந்துக்கிட்டிருக்கிற ஒரு காமிக்ஸை முதல் இதழ்லேர்ந்து கடைசி இதழ் வரைக்கும் படிச்சு, எந்தக் காட்சி எதுல இருக்குன்னு சொல்றதுதான் என் வேலை. சினிமா கம்பெனிக்கு அப்படி ஒரு ஆள் வேணும். இல்லேன்னா படம் வந்த மறுநாளே ரசிகருங்க கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க.

ஹீரோ பேர் சாம்பல் பருந்து. பகல்ல கடிகாரம் ரிப்பேர் பண்ணுவான், ஆபத்துன்னா சிறகை மாட்டிக்கிட்டுப் பறப்பான். ஆள் ஒருத்தன்தான், கதை மூணு. முதல்ல எழுதினவர் அவனை அநாதையா விட்டுட்டார். ரெண்டாவதா எழுதினவங்க அவனுக்கு வீடு, அப்பா, தம்பி எல்லாம் குடுத்தாங்க. மூணாவது ஆள் வந்து, ரெண்டாவதுல நடந்ததுல பாதி எதிரி உண்டாக்கின மாயைன்னு ஒரே போடா போட்டுட்டு, தனக்கு வேண்டியபடி மாத்திக்கிட்டார். இதுல எது அசல்னு ரசிகருங்க அடிச்சுக்கிறதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். மூணையும் ஒரே கம்பெனிதான்யா அச்சடிச்சுது.

படம் எடுக்கிறவங்க மூணுலேர்ந்தும் எடுப்பாங்க. முகமூடி முதல் ஆள்கிட்டேர்ந்து, வில்லன் மூணாவது ஆள்கிட்டேர்ந்து. எது எங்கேர்ந்து வந்துதுன்னு திரைக்கதைத் தாள் ஓரத்துல நான் கலர் சீட்டு ஒட்டணும். முதல் கதைக்கு மஞ்சள், ரெண்டாவதுக்கு நீலம், மூணாவதுக்குப் பச்சை.

நீலத்தை எழுதினது எங்க அக்கா.

ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அவ புனைபேர்ல எழுதினா, நானும் சொல்லிக்கல. காரணம் ஒரு கதவு.

நீலத்துல பதினொண்ணாவது இதழ்ல, வீட்டை விட்டுப் போன பருந்து அடிபட்டுத் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். உள்ளே தம்பி நிப்பான், திறக்கமாட்டான். பச்சையில அதே நாள், அதே கதவு, தம்பி திறந்துடுவான். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. இதுல எதைப் படத்துல வைக்கலாம்னு நான் எழுதிக் குடுக்கணும். இயக்குநர் அந்த விஷயத்துல நான் சொல்றதைத்தான் கேட்பார்.

அந்தத் தம்பி நான்தான். படம் போட்டுக் கதை எழுதிப் பிழைக்கப்போறேன்னு அக்கா வீட்டை விட்டுப் போயிட்டா. ஏழு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம் பையோட வந்து கதவைத் தட்டினா. அப்பா சாப்பிட்டுக்கிட்டே, "திறந்தா நீயும் அவளோடயே போயிடு"ன்னார். எனக்கு அப்ப பதினேழு வயசு. "சின்னவனே, நான்தான்டா"ன்னு அவ மூணு தடவை கூப்பிட்டா. கதவுகிட்டப் போய் நின்னேன். திறக்கல.

அப்பா தவறினதுக்கப்புறம் போக்குவரத்து ஆரம்பிச்சுது. என் பிள்ளைங்களுக்கு அத்தைன்னா உயிர். ஆனா அந்த மத்தியானத்தைப் பத்தி அவளும் நானும் ஒரு வார்த்தை பேசினதில்லை. நேர்ல பேசாம, அச்சடிச்சு ஊர் பூரா வித்திருக்கா. அந்த இதழ் வந்தப்ப கடையில நின்னுக்கிட்டே படிச்சேன், தம்பி திறக்காத இடத்தோட மூடி வச்சுட்டு வந்துட்டேன். அவமேல எனக்கு இன்னும் கோபம் இருந்துது, அதை மறைக்கிறதுக்கில்லை.

அதனால பச்சைச் சீட்டை ஒட்டினேன். ரசிகர்களுக்குப் பிடித்தது, குடும்பத்தோடு பார்க்கலாம்னு கூச்சமே இல்லாம நாலு வரி காரணமும் எழுதிக் குடுத்தேன்.

மறுநாள் திரைக்கதை எழுதுற பொண்ணு என் மேஜைக்கு வந்துது. கையில நான் ஸ்கேன் பண்ணிக் குடுத்த பதினொண்ணாவது இதழ்.

"சார், இதுல இருபத்தோரு பக்கம்தான் இருக்கு. கடைசிப் பக்கம் எங்க?"

"அது வாசகர் கடிதம்மா. அதை எதுக்கு ஸ்கேன் பண்ணிக்கிட்டு?"

"அது மஞ்சள்ல சார். நீலத்துல எல்லா இதழும் இருபத்திரண்டாவது பக்கம் வரைக்கும் கதைதான். நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

எனக்கு முகம் செத்துப்போச்சு. எந்தப் பக்கத்துல எத்தனை கட்டம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற ஆள் நான். சொந்த அக்கா எழுதினதுல ஒரு பக்கத்தைக் கோட்டை விட்டிருக்கேன். இருபத்தாறு வருஷமா அந்தத் தாளை நான் திருப்பினதே இல்லை.

அலமாரியிலேர்ந்து இதழை எடுத்துட்டு வந்து அந்தப் பொண்ணு முன்னாடியே திருப்பினேன். பருந்து தன் பையை எடுக்கக் குனியறான். கதவுக்கு அடியில ரெண்டு விரல் இடைவெளி. அதுல உள்பக்கம் ரெண்டு வெறுங்கால் தெரியுது. அடுத்த கட்டத்துலயும் அதே கால். அதுக்கடுத்ததுலயும் அதே கால், நகரவே இல்லை. கடைசிக் கட்டத்துல பருந்து மனசுக்குள்ள சொல்றான்: "பாவம், எவ்வளவு நேரம்தான் நிப்பான். நான் போனாத்தான் அவன் போய் உட்காருவான்."

நான் நின்னதை அவ பார்த்திருக்கா. என்னைக் காட்டிக்குடுத்துட்டான்னு நான்பாட்டுக்கு இத்தனை வருஷம் கறுவிக்கிட்டிருந்திருக்கேன்.

"என்னாச்சு சார்?"

"இந்தப் பையன் நான்தான்மா. எழுதினது எங்க அக்கா."

அது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துது. நான் பச்சைச் சீட்டைக் கிழிச்சுட்டு நீலத்தை ஒட்டினேன். நடந்தது நடந்தபடி வரட்டும், ஊரே பார்க்கட்டும், எனக்கு நல்லா வேணும்னு தோணுச்சு.

வெளியே போய் மாடிப்படியில நின்னு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பதினொண்ணாவது இதழோட கடைசிப் பக்கத்தை இன்னைக்குத்தான் படிச்சேன்."

"ஒரு பக்கம் படிக்க இருபத்தாறு வருஷமாடா? நல்லா உருப்பட்டே போ"ன்னா.

"திறந்திருக்கணும்க்கா. பயந்துட்டேன். என்னை மன்னிச்சுடு."

"தெரியும்டா. அப்பான்னா எனக்கே பயம்."

"படத்துல நீ எழுதினதையே வைக்கச் சொல்லப்போறேன். கதவு திறக்காது."

"அடப்பாவி, உன்னை யாரு அப்படிச் சொல்லச் சொன்னது?"

"அதுதானேக்கா நடந்தது?"

"நடந்தது எனக்குத் தெரியாதா? எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் பட்டது போதும். எனக்கு அப்புறம் வந்தானே ஒருத்தன், அவன் எழுதினது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. மாயையாம், மண்ணாங்கட்டியாம். ஆனா அந்தக் கதவு திறக்கிற பக்கத்தை மட்டும் கத்தரிச்சு வச்சிருக்கேன். அப்பப்ப எடுத்துப் பார்ப்பேன். ஒரு தடவை உள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்கும்."

நான் படியிலயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கம் அவளும் அழுதா. யாரும் யாரையும் சமாதானப்படுத்தல.

திரும்பி வந்து நீலச் சீட்டை உரிச்சேன். புதுசா ஒரு பச்சைச் சீட்டு எடுத்து அந்த இடத்துல ஒட்டினேன். அந்தப் பொண்ணு என் கையையே பார்த்துக்கிட்டிருந்துது.

"காலையிலேர்ந்து ரெண்டு தடவை மாத்திட்டீங்க. இயக்குநர் கேட்டா என்ன காரணம் சார் சொல்றது?"

"எங்க அக்கா உள்ள வரணும்மா"ன்னேன். "அப்படியே சொல்லிடு."