வயர் எட்டும் தூரம்

லேப்டாப் திரையின் மூலையில் வைஃபை குறி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பிரேமலதா மறுபடியும் அணைத்துப் போட்டாள். மறுபடியும் காலி. பத்து மணிக்கு இன்டர்வியூ. போனில் வரக்கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், திரையைக் காட்டியபடி ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும் என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நேற்று அவளே செய்த காரியம் இது. பழைய விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு உலை கொதித்துவிடும். வீடியோ பார்த்துப் பார்த்து, அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டாள். காசில்லாமல் கிடைப்பது, பழைய மெஷினிலும் பறக்கும் என்றார்கள். பறக்கத்தான் செய்தது. நெட் வருகிறதா என்று பார்க்கத்தான் தோன்றவில்லை.

புருஷன் ராஜபாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான். டெம்போ ஓட்டுகிறவன், கிளம்பும் அவசரத்தில் இருந்தான்.

"என்ன சொல்லுது?"

"நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லங்குது."

"டிரைவர் நான் இங்கதான நிக்கேன்" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "பழசையே திரும்பப் போட முடியாதா?"

"அழிச்சிட்டேன்."

சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

செம்பூர் கால் சென்டர் வேலையை விட்டது மகள் மதுமிதா பிறந்தபோது. அதன்பிறகு எங்கெங்கோ எழுதிப் போட்டதில், கடைசிச் சுற்றுவரை வந்தது இது ஒன்றுதான். வீட்டிலிருந்தே செய்யலாம், பிள்ளையை யாரிடமும் விட வேண்டாம். போனில் தேடிப் பார்த்தாள். கார்டு பழுதில்லை, அதை ஓட்டுகிற டிரைவர் என்ற புரோகிராமை நெட்டிலிருந்து இறக்கிப் போட வேண்டும் என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். நெட் வருவதற்கு நெட் வேண்டும். போனைக் கேபிளில் சொருகினால் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் இருந்த இரண்டு கேபிளும் ரயிலில் மலிவாக வாங்கியவை. சார்ஜ் ஏறியது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. லேபர் கேம்ப் கடைத்தெருவில் மொபைல் கடைகள் ஷட்டரைத் தூக்க இன்னும் நேரமிருந்தது. இன்னொருவர், ரவுட்டரிலிருந்து வயர் இழுத்துச் சொருகுங்கள், உடனே வரும் என்றிருந்தார்.

ரவுட்டர் இருந்தது மாடியில், ஆஸியா வீட்டில்.

மழைக்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மேல்வீட்டில் குளித்துக் கழுவும் மோரியின் தண்ணீர் ஒழுகி மெத்தை நனைந்த அன்று, பிரேமலதா சந்தில் நின்று கத்தினாள். ஆஸியாவும் விடவில்லை. அன்று ராத்திரியே, வருஷக்கணக்காகச் சேர்ந்து பயன்படுத்திய வைஃபையின் பாஸ்வேர்டு மாறிவிட்டது. அதிலிருந்து இவளுக்குப் போனின் ஹாட்ஸ்பாட்தான்.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள். மேலே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆஸியாவும் இரண்டு பெண்களும் ஸ்கூல் பேக் தைத்துக்கொண்டிருந்தார்கள். கூரை வரை பைகள்.

"அக்கா" என்றாள். "இன்டர்வியூ இருக்கு. வயர் போட்டு உங்க நெட்டு கொஞ்சம் வேணும்."

ஆஸியா தையலை முடித்து, நூலை வெட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள். ஸ்டூல் மேல் ஏறி ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே மஞ்சள் வயர், கட்டுகூடப் பிரிக்காமல் கிடந்தது. பிரித்தாள். வாசல்வரைகூட வரவில்லை.

"கீழ எட்டாது. லேப்டாப்ப இங்க தூக்கிட்டு வா."

பைகளுக்கு நடுவே உட்கார்ந்து வயரைச் சொருகியதும் நெட் வந்தது. டிரைவரை இறக்கினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி, பிழை என்று நின்றன. ஏதோ ஒரு ஃபைல் இல்லையாம். அதைத் தேடிப் போட்டாள். திரும்பவும் பிழை. வேர்வையில் விரல் வழுக்கி, எழுத்துகள் மாறி விழுந்தன. ஒருவழியாக எல்லாம் ஏறியது போலிருந்தது. அணைத்துப் போட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். வைஃபை வரவில்லை. பத்தாகச் சில நிமிஷங்களே இருந்தன. மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

"ஏட்டி" என்றாள் ஆஸியா. "இப்ப இதுல நெட்டு வருதா வரலையா?"

"வருது. வயர்ல."

"பொறவென்ன? இங்கயே இருந்து பேசு."

பிரேமலதா மெஷின்களைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். மத்தியானம் பைகளுக்கு ஆர்டர் கொடுத்த சேட்டின் ஆள் சரக்கெடுக்க வந்துவிடுவான்.

"உங்களுக்கு வேலை கெடுமேக்கா..."

ஆஸியா அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி, இந்தியில் "மெஷின் பந்த் கரோ" என்றாள்.

மோட்டார்கள் நின்றதும் சந்தின் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. ஆஸியா கதவைச் சாத்தினாள். திரையில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் தோன்றி வணக்கம் சொன்னாள். பிரேமலதாவின் முதுகுக்குப் பின்னால் பைகள் மலைபோல் தெரிந்தன. அவற்றைத்தான் அந்தப் பெண் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

"நாலு வருஷமா வேலையில இல்லையே, ஏன்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு எத்தனையோ நாள் பதில் சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தாள். பக்கத்தில் ஸ்ர்ர்ரென்று ஒரு சத்தம். மதுமிதா ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். திரையில் அந்தப் பெண்ணின் புருவம் லேசாகச் சுருங்கியது.

ஆஸியா சத்தமில்லாமல் தரையில் நகர்ந்து வந்தாள். பையைப் பிடுங்கினால் பிள்ளை அழும். அவள் தன் சுட்டுவிரலை ஜிப்பின் பாதையில் வைத்தாள். மதுமிதா ஆசையோடு இழுத்தாள். ஜிப் வந்து அந்த விரலில் முட்டி நின்றது, சத்தமும் நின்றது. பிள்ளை இன்னும் பலமாக இழுத்தது. ஆஸியா விரலை எடுக்கவில்லை. பிரேமலதாவைப் பார்த்து, பேசு என்பதுபோல் தலையை அசைத்தாள்.