புகையில்லாத வண்டி

நீடாமங்கலம் ரயிலடியில் வாடகைக் கார் ஓட்டும் ஒரே பெண் கனிமொழி. பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. தஞ்சாவூர் போய்வர அறுநூறு ரூபாய்ப் பெட்ரோல் குடித்த இடத்தில் இப்போது நூறு ரூபாய்க் கரண்ட் போதும். புகையும் இல்லை; அதில்தான் அவளுக்குப் பெருமை.

"வண்டியில புகை இல்ல, சரி. கரண்ட் எங்கேருந்து வருது?" என்று கணவன் சேரன் கேட்டபோது, "எங்கேருந்தோ வருது. நம்ம மூஞ்சியில ஊதலையே" என்று சொல்லிவிட்டாள்.

மாசி மாதம் வெளியூர்க்காரர் இருவர் மூன்று நாளைக்கு வண்டியை அமர்த்தினார்கள். மண் ஆய்வு என்றார்கள். துளை போடும் லாரி ஒன்றும் பின்னாலேயே வந்தது. முதல் நாள் வாய்க்கால் ஓரப் புறம்போக்கில் குழாயை இறக்கினார்கள். இரண்டாம் நாள் குழாயிலிருந்து உருவிய மண்ணில், களிக்கும் மணலுக்கும் கீழே கறுப்பாக ஏதோ இருந்தது. இருவரில் மூத்தவர் அதைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன சார் அது?"

"பழுப்பு நிலக்கரிம்மா. கரண்ட் எடுக்கறதுக்கு. உங்க வண்டி மாதிரி எல்லாம் மாறிக்கிட்டு வருதில்ல, தேவை ஏறிக்கிட்டே போகுது." நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அன்று இரவு வழக்கம்போல வண்டியைச் சார்ஜில் போட்டாள். கறுப்பு மண்ணைப் பற்றிச் சேரனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்து வழி சொன்னார்கள். ஒவ்வொரு திருப்பமும் அவளுக்குத் தெரிந்த திருப்பம். நிறுத்தச் சொன்ன இடம் அவளுடைய ஒன்றரை ஏக்கர். கூலிக்கு நடவு நட்ட குடும்பம் இருபது வருடம் பாடுபட்டு வாங்கிய நிலம். உளுந்து பூத்திருந்தது. இளையவர் இறங்கிப் போய், சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை அதன் நடுவில் ஊன்றினார்.

அவள் போன் போட்டதும் சேரன் ஓடி வந்தான். குச்சியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான்.

மூத்தவர் கோபப்படவில்லை. "குச்சி சும்மா அடையாளத்துக்குத்தான் தம்பி. இடம் நேத்தே மேப்புல பதிவாயிடுச்சு" என்றார்.

"வேற வண்டி பார்த்துக்கங்க" என்றாள் கனிமொழி. அவர்கள் லாரியில் ஏறிப் போனார்கள்.

"பழைய வண்டியைக் கொடுத்திருக்கக் கூடாது" என்றாள்.

"அதுக்கு ஊத்தின எண்ணெய் மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" சேரன் தெற்கே கை காட்டினான். பக்கத்து ஊர் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றின் கம்பிவேலி தெரிந்தது. குழாய் கசிந்த பிறகு அதைச் சுற்றி நாலு வருடமாக யாரும் நடவு நடுவதில்லை.

பத்தாம் நாள் கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நிலத்தின் பட்டாவும் சிட்டா அடங்கலும் எடுத்துவரச் சொன்னார்கள்.

"எதுக்குங்க?"

"எங்களுக்கும் சொல்லலைம்மா. லிஸ்ட் மேலேருந்து வந்திருக்கு."

இருவரும் காரில் போனார்கள். அலுவலக வாசலில் ஊரில் பாதிப் பேர் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தமில்லாமல் வந்து நின்ற வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேரன் இறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்றான்.