வலது கையில் கட்டு

"யம்மா, தூங்கிட்டியா?" என்று நிஷா மூன்றாவது முறை கேட்டபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

சரசா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலை ஏழு மணிக்கெல்லாம் குத்தம்பாக்கத்து ஷூட்டிங் பங்களாவுக்கு வந்து பதில் சொல்லும்படி மேனேஜர் பாபு போனில் கத்தியதிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. நடிகர்களின் உடுப்புக்கு அவள்தான் பொறுப்பு. பதினோரு வருஷத்தில் ஒரு பொத்தான் மாறியதில்லை என்று பேர் வாங்கியவள். சனிக்கிழமை டிவியில் ஒளிபரப்பான தொடரின் ஏழாம் பாகத்தில், செத்துப்போன நாயகி யாமினி காலத்தைத் தாண்டித் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். அவள் இடது மணிக்கட்டில் இருந்த கட்டு, அடுத்த காட்சியில் வலது மணிக்கட்டில் இருந்தது. 'நாந்தான் மறந்துட்டேன்னு சொல்லப் போறேன். போவச் சொன்னா போறேன்' என்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்.

"யம்மா. அந்தக் கட்டு நீ கட்டல. நான் கட்டிக்கினேன்."

சரசா எழுந்து உட்கார்ந்தாள்.

அந்தக் காட்சி எடுத்த அன்றைக்கு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள் நிஷா. யாமினியாக நடிக்கும் கிருஷ்ணப்பிரியா வேறு படப்பிடிப்புக்குக் கிளம்பிவிட, முதுகும் கையும் மட்டும் தெரிகிற ஒரு ஷாட் பாக்கி நின்றது. கூந்தல் அதே நீளம் என்று இவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். சரசா மாடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சீக்கிரம், சீக்கிரம் என்று கீழே விரட்டினார்கள். மேசைமேல் கிடந்த அம்மாவின் போனில் கிருஷ்ணப்பிரியா கட்டோடு எடுத்துவைத்த செல்ஃபி இருந்தது. அதைப் பார்த்து நிஷா தானே கட்டிக்கொண்டாள். அந்தப் போனில் செல்ஃபி எடுத்தால் இடது வலதாகத்தான் விழும்.

"மூணு நாளா சொல்லணும்னுதான் கீறேன். வாயே வரல."

"சோத்துக் கை எது பீச்சாங்கை எதுன்னு தெரியாதவளத்தான் ப்ளஸ் ஒன் படிக்கவெக்கிறேனா நானு?"

"திட்டு. ஆனா மொதல்ல இதப் பாரு. எனக்கு வேற பயம்."

போனை நீட்டினாள். அந்தப் பாகத்தில் மூன்று ஓட்டைகள் என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டு நாய் ஏன் குரைக்கவில்லை? மழையில் நனைந்து வந்தவள் உட்கார்ந்த தரை ஏன் காய்ந்திருக்கிறது? கட்டு எப்படிக் கை மாறியது? நிஷாவுக்குப் பதில்கள் தெரியும். நாய்க்காரர் மூன்று மணிக்கே நாயை வண்டியில் ஏற்றிவிட்டார். விளக்கு மாற்றுவதற்குள் தரை காய்ந்துவிட்டது. மூன்றாவது இவள். ஆனால் முத்தாபுதுப்பேட்டை ராகேஷ் என்று ஒருவன் எழுதியிருந்தான்: 'ஓட்டையே இல்ல மாமே. அங்க உக்காந்துகினு கீறது யாமினியே இல்ல. கண்ணாடியில கீற யாமினி. எறங்கி வந்துட்டா. அதான் கட்டு மாறிச்சு. கண்ணாடிக்குள்ள மழ நனைக்காது. கண்ணாடிக்கு வாசன கெடையாது, நாய் எப்பிடிக் கொரைக்கும்?' அதற்குப் பதினாலாயிரம் லைக் விழுந்திருந்தது.

"அந்த செல்ஃபி கண்ணாடி மாரிதானேம்மா? அதப் பாத்துதான் நான் கட்டினேன். அப்ப நான் அதுக்குள்ளேர்ந்துதான வந்தேன்? உனக்கே இப்பத்தான் தெரியும். அந்தாளுக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?"

தான் துணி மாட்டிவிடும் தொடரை சரசா ஒருநாளும் பார்த்ததில்லை. எழுத்துக்கூட்டிக் கீழே கீழே படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. 'முதுகுதான் தெரியுது. ஆனா நடுங்கிக்கினு கீறா. யாருப்பா இந்தப் பொண்ணு?'

"நடுங்கினியாடி?"

"ஒதறிச்சும்மா."

சரசா அந்தக் காட்சியை ஓடவிட்டாள். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டாள். நாலாவது முறை படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"காத்தால நீயும் வா. கட்டினது நீ. நீயே சொல்லு."

"உன்ன வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

"தூக்கட்டும். ரெண்டு பேருமா ஊட்டுக்கு வருவோம்." பிறகு, குரலை இறக்கி, "அதுல உக்காந்த மாரியே அப்பிடித் திரும்பி உக்காரு."

"இன்னாத்துக்கு?"

"உக்காருடி."

நிஷா திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் அந்தக் காட்சியின் இசை மெதுவாக மறுபடி தொடங்கியது. அம்மா என்ன முகத்தோடு பார்க்கிறாள் என்று தெரியவில்லை. திரும்பத் தைரியமும் வரவில்லை. போன் வெளிச்சத்தில் சுவர் முழுக்க இவளுடைய கூந்தல் நிழல். அதன்மேல் ஒரு கையின் நிழல் ஏறிவந்து, தொடாமல், அப்படியே நின்றது.