சம்பந்தி வீட்டுக் கட்டம்

...இடது தோளா வலது தோளா, அதையாவது ஜஸ்டினிடம் கேட்டு வைத்திருக்கலாம், மாப்பிள்ளைக் கோலத்தில் மகனை இப்போது எங்கே போய்ப் பிடிப்பது, பச்சையும் கருநீலமுமாகக் கட்டம், ஊடே மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு, பார்வைக்குப் பழைய கைலி மாதிரிதான் இருக்கிறது, என் வீட்டுக்காரி ஞானமணியும் அப்படி நினைத்துத்தான் சோப்பு வாளியில் முக்கப் போனாள், நல்லவேளை பிடுங்கினேன். கம்பளி. அரிமளத்து வெயிலுக்குக் கம்பளி... பெண்ணின் அப்பா, இறந்துபோன சம்பந்தி, தோளில் போட்டிருந்த துணி. அவர்கள் ஊர் ஸ்காட்லாந்தில் வம்சத்துக்கு ஒரு கட்டமாம், அழகாக இருக்கிறதே என்று அடுத்த வம்சத்துக் கட்டத்தை எடுத்துப் போட்டுக்கொள்வது மரியாதையில்லையாம், அந்த வீட்டுக்காரர்களே கேட்டுக்கொண்டால் போடலாமாம். "அவங்க அம்மாவே ஒங்களப் போடச் சொல்றாங்கப்பா. பொண்ண மாதா கோயிலுக்குள்ள கூட்டியார அவங்க அப்பா இல்லைல, நீங்கதான் இதப் போட்டுக்கிட்டுக் கூட்டியாரணும்" என்றான். சரி, எனக்கு அந்த உரிமை உண்டா? நாளைக்கு அவர்கள் ஊர்க்காரன் எவனாவது போட்டோவைப் பார்த்து, நம் கட்டத்தில் நிற்கிற இந்த ஆள் யார் என்று கேட்டால்... கேட்கட்டும், சம்பந்தியம்மா பதில் சொல்லிக்கொள்வார். கண்டக்டராக இருந்த காலம் முழுக்கக் காக்கி போட்டேன், ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. அய்யா தோளில் துண்டு போட்டதை வீட்டுக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், மேலத்தெரு முனை வந்ததும் அது தன்னால் கக்கத்துக்குப் போய்விடும், பேசிக்கொண்டிருக்கும் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்... கல்யாண நாளில் அது எதற்கு இப்போது. அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது, மேலத்தெரு சோலையப்பனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இடது தோள்தான். மடிப்பு நன்றாக விழுந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால், சொன்னால் என்ன, பெருமையாகத்தான் இருக்கிறது.

வாசலில் செருப்புச் சத்தம். "என்ன இன்னாசி, இன்னும் கெளம்பலையா? வேன் வந்து நிக்கிது." சோலையப்பன்தான், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே பெஞ்சு. "வாங்க, வாங்க, இந்தா வாரேன்" என்கிறேன், அவருக்குப் பின்னாலேயே சம்பந்தியம்மா பட்டுச்சேலை தடுக்கத் தடுக்க வருகிறார், என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது, தன் தோளைத் தொட்டுக் காட்டுகிறார், பிடிக்கவில்லையா என்பதுபோல. என் தோளைத் தொட்டுப் பார்க்கிறேன். வெறும் சட்டை. கம்பளி கக்கத்தில் இருக்கிறது, எப்போது எடுத்தேன், சோலையப்பன் கவனித்ததாகத் தெரியவில்லை, இல்லை கவனித்தாரா... "வெக்கையா இருக்குல்ல" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிடலாம், அதோடு முடிந்துவிடும். சம்பந்தியம்மா அங்கேயே காத்து நிற்கிறார். இந்த உரிமையைக் கொடுக்க வேண்டியவர் காலையிலேயே கொடுத்துவிட்டார். பிறகு யாரிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் நான்?