கொச்சிக்குப் பறந்த தாய்மாமன்

கொல்லிமலை வளைவுகளில் செங்கோடனைப்போல் பிக்கப் வண்டி ஓட்ட ஆளில்லை என்று செம்மேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே மனிதரை இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார வைத்துப் பாருங்கள். நாலாவது திருப்பத்தில் முகம் வெளுக்கும், ஐந்தாவதில் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். ஸ்டியரிங் தன் கையில் இல்லாவிட்டால் அவர் வயிற்றுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது.

இந்தப் பாழும் வயிற்றால்தான் தங்கை ஜெயசுதாவிடம் கெட்ட பேர். அவளைக் கொச்சியில் மிளகு மண்டி வைத்திருப்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மூத்த பெண் மணிமேகலைக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் பஸ் ஏறி மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி போவதற்குள் சுருண்டு விழுந்து, வீடு திரும்பிவிட்டார். பிள்ளையை வேறு யாரோ மடியில் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அண்ணன் தங்கை பேச்சு பாதியாகக் குறைந்துபோனது. சொந்த வண்டியில் போகலாமென்றால், அந்தக் கிழட்டு பிக்கப் சேலத்தோடு சரி.

இப்போது சின்னவன் கவினுக்குக் காதுகுத்து. ஜெயசுதா சேலத்திலிருந்து கொச்சிக்கு விமான டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள்.

"ரோட்டுல வந்தா முன்னூறு கிலோமீட்டருங்கண்ணா. பிளேன்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இந்தத் தடவையும் உங்க மடி இல்லீன்னா, அப்பறம் நான் மலையேற மாட்டேன்" என்றாள் போனில்.

"அட, நம்ம மலை எறங்கவே அவ்வளவு நேரம் ஆகுமே கண்ணு!" என்று சிரித்தார் செங்கோடன். சிரிப்பு வாயில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது.

சேலம் வரை தன் பிக்கப்பை ஓட்டிவந்தவர், கையில் எலுமிச்சம்பழத்தோடு விமானத்தில் மனைவி சங்கீதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இறக்கையில் விசிறி வைத்த அந்தச் சின்ன விமானம் மேலே ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடி மிதித்தது. மிதிபட்டது முன் சீட்டுக்காரரின் பை.

"ஏன் புள்ள, இத்தனை பெரிய திருப்பத்துல இந்த ஆளு ஹாரனே அடிக்கலையே!"

"ஏனுங்க, எதுக்கால யாரு வாராங்க ஹாரன் அடிக்க?" என்றாள் சங்கீதா.

செங்கோடன் எட்டிப் பார்த்தார். உண்மைதான். ஏறிவரும் லாரி இல்லை, பஸ் இல்லை, நடுரோட்டில் நின்று போட்டோ எடுக்கிற டூரிஸ்ட்டுகள் இல்லை. இப்படியொரு ரோட்டை யார் ஓட்டினால்தான் என்ன? பிடித்திருந்த சீட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் பசி வந்தது. சங்கீதா கொண்டுவந்த முறுக்கை அவர் தின்று முடிப்பதற்குள் கொச்சி வந்துவிட்டது.

வெளியே காத்திருந்த ஜெயசுதா, அண்ணன் நிமிர்ந்து நடந்து வருவதைக் கண்டதும் அங்கேயே அழுதுவிட்டாள். செங்கோடனுக்கும் கண் நிறைந்தது.

"இத்தனை கிட்டத்துல இருந்துக்கிட்டா, கண்ணு, நான் வராம இருந்தேன்?" என்றார்.

மறுநாள் காலை ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமன் மடியில் கவின் ஊரைக் கூட்டினான். இரண்டு காதும் குத்தி முடிவதற்குள் மாமனின் புது வேட்டியும் நனைந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கையில் மணிமேகலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, எனக்கும் இன்னொரு ஓட்டை குத்தச் சொல்லுங்க. எனக்குக் குத்தறப்ப மாமா வரலையே."

ஜெயசுதா அண்ணனைப் பார்த்தாள். செங்கோடன் ஈர வேட்டியை ஒதுக்கிவிட்டு, காலியாக இருந்த தொடையைத் தட்டினார்.

"ஏறி உக்காரு, சாமி."