இரண்டு இஞ்ச் கூடுதல்

அன்றைக்குக் காலையில் கார் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பியதும் கீச்சென்று ஆரம்பித்த சத்தம், தையல்காரர் பதறிப்போய் நிறுத்தும்வரை ஓயவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மகளை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இரண்டு மணி நேர வழி. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மனுஷன் ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மகளுக்குக் கடல் கடந்து ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அம்மாவிடம் சொன்னாள், தாய்மாமனிடம் சொன்னாள், அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. பேண்ட் தைக்க வந்த ஒருவர், இடுப்பளவு கொடுத்துக்கொண்டு நிற்கும்போதே, "பொண்ணு வெளிநாடு போறாளாமே, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் பெற்றவனுக்குத் தெரியவேண்டுமா? வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "தாராளமா போ. போனா திரும்பி இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன மறுநிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வீம்பு விடுமா? அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. "அப்பா சாப்டாச்சான்னு கேளும்மா." "ஆச்சுன்னு சொல்லு உன் பொண்ணுகிட்ட." நடுவில் அவர் மனைவி தபால்காரி வேலை பார்த்துச் சலித்துப்போனாள். வீடோ இரண்டே அறை. ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் கேட்கும். போதாக்குறைக்கு மச்சினன் வேறு எந்நேரமும் சோபாவை அடைத்துக்கொண்டு கிடந்தான். அந்தச் சந்தையில் எப்படி மன்னிப்புக் கேட்பது? காரில்தான் முடியும். கண் ரோட்டில் இருக்கும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மனைவிக்குக் கார் என்றாலே குமட்டல், அவள் வரமாட்டாள். நானும் பாப்பாவும் மட்டும், என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். இன்ஜினில் மூன்று சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பெல்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. நூல் பிரிந்தது எதுவும் ரொம்ப நேரம் தாங்காது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாதி வழியில் அறுந்தால் இன்ஜின் சூடாகி நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான்.

"அத்தான், மெக்கானிக்கைக் கூப்பிடவா?" என்று மச்சினன் உள்ளேயிருந்தே கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை எவன்டா வருவான்? இதெல்லாம் ஒரு வேலையா? மெஷின் பெல்ட்டு எத்தனை மாத்தியிருக்கேன்!"

"அது காலால ஓடுற மெஷின் அத்தான்."

"நீ வாயை மூடிட்டு இரு."

ஸ்பானரை எடுத்து நட்டைத் தளர்த்தி, பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்னேட்டரை உள்ளே தள்ளினார். பெல்ட் தொளதொளவென்று கழன்று கையோடு வந்தது. அதுவரைக்கும் சரி. அதன் முதுகில் அச்சடித்திருந்த நம்பர் தேய்ந்துபோயிருந்ததால் அளந்து பார்த்து வாங்கலாம் என்று தோன்றியது. வட்டமாகக் கிடப்பதை எப்படி அளப்பது? வேறு யாராக இருந்தாலும் அப்படியே கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போய்ப் பெரிய கத்தரியைக் கொண்டுவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நறுக்கென்று வெட்டி, துணி வெட்டும் மேஜைமேல் நீளமாக நீட்டி, டேப்பை வைத்து அளந்தார். அளவு மனதில் நின்றுவிட்டது. துண்டான பெல்ட்டை மேஜையிலேயே போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தார்.

உதிரி பாகக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "எந்த வண்டி? எந்த வருஷம்? பழசு எங்க?" என்று அடுக்கினார்.

"அதெல்லாம் வேண்டாம். அளவு சொல்றேன், குடுங்க."

கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் அவருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். ஆணியில் தொங்கியதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, தையல்காரர் சைக்கிளில் ஏறுவதற்குள் ஷட்டரைத் தரைவரை இழுத்துப் பூட்டினார்.

வீட்டில் பெட்டிகளெல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. மகள் தலை வாரிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். தையல்காரர் அவளைத் தாண்டிப் போகும்போது தொண்டையைச் செருமினார். அவள் திரும்பியபோது தண்ணீர் குடிக்க வந்தவர்போலச் சொம்பைத் தேடினார். கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போய்ப் பார்த்தார்.

புது பெல்ட் மூன்று சக்கரத்திலும் சுலபமாக ஏறியது. இவ்வளவு சுலபமாக ஏறும்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். கம்பியை நெம்புகோலாக வைத்து ஆல்டர்னேட்டரை வெளியே இழுத்தார். இழுக்க இழுக்க அது நகர்ந்து, நகர்வதற்கு விட்டிருந்த நீளத் துளையின் கடைசிக்கே வந்து முட்டி நின்றது. பெல்ட் இன்னும் தளர்ந்தே தொங்கியது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்தது. நட்டை அவிழ்த்தார், மறுபடி இழுத்தார், திட்டினார், கம்பியை மாற்றிப் பிடித்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அடக் கடவுளே, இது என்ன சோதனை!

"எவ்வளவு அளவு சொன்னீங்க?"

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நேராக அவரிடம் பேசிய முதல் வார்த்தை. கையில் வெட்டிய பழைய பெல்ட்டும் டேப்பும் இருந்தன. அவர் அளவைச் சொன்னார். அவள் பெல்ட்டை பானெட் ஓரத்தில் வைத்து அளந்தாள்.

"ரெண்டு இஞ்ச் கூட சொல்லியிருக்கீங்க."

"அது... எப்பவும் விடறதுதானே. வளர்ற உடம்புக்குக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பெல்ட்டு வளராதுப்பா."

பள்ளிக்கூட நாட்களில் இடுப்பில் ஊக்குக் குத்தாமல் அவள் ஒரு பாவாடை போட்டதில்லை. எல்லாமே அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத் தைத்தவை. அவள் உதடு சிரிப்பை அடக்கியது. இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. புதுசு பெரிசு, பழசை வெட்டியாயிற்று, கடை மூடியாயிற்று. இனி இந்தக் கார் இன்று நகராது.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. "நான்தாங்க டாக்ஸிக்கு சொன்னேன். உங்களை நம்பி ஃப்ளைட்டை விட முடியுமா?" என்றபடி மனைவி பெட்டியோடு வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். துணைக்குப் போகிறேன் என்று மச்சினன் சீவிச் சிங்காரித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "வரேம்ப்பா" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினாள். கதவு மூடியது.

தையல்காரர் நின்றது ஒரே ஒரு நொடிதான். "இறங்குடா" என்று முன்கதவைத் திறந்து மச்சினன் கையைப் பிடித்து இழுத்தார்.

"அத்தான், என் சட்டை! கிரீஸு!"

"வேற தைச்சுத் தரேன், இறங்குடா டேய்!"

டாக்ஸிக்காரர் சரியான வாயாடியாக வந்து வாய்த்தார். ரோடு சரியில்லை என்றார், மழை வரும் என்றார், தன் மாமனார் வீட்டுச் சண்டையை முழுக்கச் சொன்னார். தையல்காரர் கிரீஸ் கையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. அதற்குமேலும் போயிற்று. விமான நிலையத்துக்கு வழி காட்டும் பலகை வந்ததும் அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கொஞ்ச நேரம் சும்மா வா." டாக்ஸிக்காரர் சட்டென்று வாயை மூடினார். தையல்காரர் முழுசாகப் பின்பக்கம் திரும்பினார். "பாப்பா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. எல்லாருக்கும் சொல்லிட்டு என்கிட்ட சொல்லலையேன்னு ஆத்திரம். அவ்வளவுதான். லீவு கிடைச்சா வா. கிடைக்கலைன்னாலும் வா. அங்க பிடிக்கலைன்னா மறுநாளே கிளம்பி வந்துடு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். "அம்மா வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் கிளம்பியிருப்பேன். மாமா சொன்னா கேட்கவே மாட்டேன். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்ப்பா. அந்த பயத்துலதான் உங்ககிட்ட சொல்லலை."

"இப்ப?"

"இப்பவும்தான்."

டாக்ஸி விமான நிலைய வாசலில் போய் நின்றது. தையல்காரர் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அவளும் அதைத்தான் எதிர்பார்த்தவள்போலக் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மனுஷன் அதை அப்படியே விழுங்கினார்.

"பெரிய பெட்டியை நான் எடுத்துட்டு வரேன். நீ முன்னால போ" என்றார்.