லாடியின் கன்னத்து மரு

வியாழக்கிழமை காலையில் லெட்னா ஊரின் வாரப் பத்திரிகை வந்து விழுந்ததும் லாடி வோந்த்ராசெக் நேராக நான்காம் பக்கத்துக்குத்தான் போவார். அங்கே அவரே இருப்பார். அவருடைய பேக்கரி விளம்பரத்தில், உப்பிய கன்னம், முறுக்கு மீசை, உயரமான வெள்ளைத் தொப்பி, கையில் ஆவி பறக்கும் ரொட்டி, இடது கன்னத்தில் ஒரு மரு. நெப்ராஸ்காவின் அந்த மூலையில் ஜனங்கள் இருபது வருடமாகத் தன் முகத்துக்காகத்தான் கொலாச்சி என்ற இனிப்பு பன்னை வாங்குகிறார்கள் என்பது லாடியின் நம்பிக்கை. கொலாச்சியின் நடுவே தான் வைக்கும் பழக்கூழுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம் என்பது அவர் மனைவி அல்பினாவின் அபிப்பிராயம்.

1986 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, லாடி இரண்டு இடத்தில் இருந்தார். நான்காம் பக்கத்தில் வழக்கம்போல. ஏழாம் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் புதிதாக முளைத்திருந்த ‘கோல்டன் பாஸ்கெட்’ சூப்பர் மார்க்கெட்டின் முழுப்பக்க விளம்பரத்தில். ‘இனி எங்களிடமும் சூடான ரொட்டி!’ என்ற எழுத்துக்குக் கீழே அதே கன்னம், அதே மீசை, அதே ஆவி. மரு மட்டும் இல்லை.

“அல்பினா! இங்க ஓடி வா! என்னைத் திருடிட்டானுங்க!”

அல்பினா மாவுக் கையோடு வந்து ஏழாம் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “ஆமா, நீதான்.”

“மருவை அழிச்சிருக்கானுங்க பாத்தியா? கார் திருடுறவன் நம்பர் பிளேட்டைக் கழட்டுவானே, அந்த மாதிரி.”

“நீயே அதைக் கழட்டிப் போட்டுட்டியே. அஞ்சு வருஷம் ஆச்சு.”

லாடியின் கை தன்னால் கன்னத்துக்குப் போனது. வாஸ்தவம். ஷேவ் பண்ணும்போதெல்லாம் வெட்டுகிறதென்று டாக்டரிடம் போய் எடுத்துவிட்டார். “அது வேற. என் மரு, நான் எடுப்பேன். அதை அழிக்க இவனுங்க யாரு?”

அந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. 1966இல் கடை திறந்தபோது, பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கும் மெர்ல் ஓட்டோ, முதல் விளம்பரத்தில் அதைப் போட்டார். “எதிர்த்தாப்புல கார்ல உக்காந்து, உங்களுக்கே தெரியாம வரைஞ்சேன்” என்றார். அப்போது லாடிக்கு மீசை இல்லை, தொப்பி இல்லை, கன்னமும் ஒட்டித்தான் கிடந்தது. கேட்டதற்கு, “ஓவியன் கண்ணு வரப்போறதையும் பாக்கும்” என்றார் மெர்ல். லாடிக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் மரு அச்சு அசலாக அதே இடத்தில் இருந்ததே! மருவைக் கண்டுபிடித்தவன் மீசையில் மட்டும் தப்பு செய்வானா? மூன்று மாதத்தில் மீசை வளர்த்தார். தொப்பியைத் தபாலில் வரவழைத்தார். கன்னம், செலவில்லாமல் தானே வந்து சேர்ந்தது. படம் பெயர்ப் பலகைக்குப் போனது, காகிதப் பைகளுக்குப் போனது, வேனின் இரண்டு பக்கமும் ஏறியது.

மெர்ல் செத்து நாலு வருடமாகிறது. அப்படியென்றால் படத்தை எதிரிக்குக் கொடுத்தது யார்? பத்திரிகை ஆபீஸின் பின்னறையில் விளம்பரங்களை ஒட்டுகிற பிளான்ச் செட்லாக். வேறு யார் கையில் படம் இருக்கிறது? இத்தனைக்கும் அவள் லாடியோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை பிளான்ச்சின் பச்சைக் கார் கோல்டன் பாஸ்கெட் வாசலில் நின்றது. சனிக்கிழமை அவள் பின்னல் ரொட்டி வாங்க வந்தபோது முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

“சில்லறையை எண்ணிட்டிருந்தா” என்றாள் அல்பினா. “அப்புறம், அந்தக் கடை வாசல்ல ஊர்ல உள்ள எல்லா காரும்தான் நிக்குது. போன வாரம் நம்ம காரும் நின்னுச்சு.”

“நம்ம கார் எதுக்குடி அங்க நின்னுச்சு?”

“சோப்பு வாங்க. நீ சோப்பு சுடுறியா என்ன?”

அன்று மாலை வரை லாடி மனைவியையும் ஒரு கண் பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமைதான் விளம்பரம் ஒட்டும் நாள். பகல் பன்னிரண்டுக்குப் பக்கங்கள் அச்சகத்துக்குக் கிளம்பிவிடும். பதினொன்றரைக்கு லாடி பத்திரிகை ஆபீஸில் நுழைந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார். விளம்பரத்தை நிறுத்து. எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது என் முகமே இல்லை. பலகையை இறக்கிவிடுகிறேன், வேனுக்கு வெள்ளையடிக்கிறேன். கடைசி வரியை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, விட்டுவிடுவதாக இருந்தார்.

பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. பிளான்ச் கறுப்பு மைப் பேனாவோடு மேஜைமேல் குனிந்திருந்தாள். காலடி கேட்டதும் சட்டென்று ஒரு காகிதத்தை இழுத்து எதையோ மூடினாள்.

“கைய எடு பிளான்ச்.”

“லாடி? கடையை விட்டுட்டு இங்க என்ன பண்ற?”

“கைய எடுன்னேன்.”

அவரே காகிதத்தை விலக்கினார். கீழே அவருடைய விளம்பரம். அவருடைய முகம். கன்னம் மொழுமொழுவென்று துடைத்துவிட்டது போல இருந்தது.

“கையும் களவுமா மாட்டிக்கிட்ட! இங்கயும் அழிச்சிட்டியா? மொத்தமா அவனுங்களுக்கே வித்துட்டியா என்னை?”

பிளான்ச் பேனாவை எடுத்து, படத்தின் இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தாள். மரு வந்து உட்கார்ந்தது.

“அழிக்கலடா, மடையா. வாரா வாரம் நான்தான் வைக்கிறேன்.”

எழுந்து போய் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். பக்கம் பக்கமாகப் படங்கள்: வான்கோழி, கல்யாண மோதிரம், சிரிக்கிற பல் டாக்டர். நடுநடுவே கத்தியால் வெட்டியெடுத்த சதுர ஓட்டைகள். ஒரு பக்கத்தின் தலைப்பில் ‘ரொட்டிக்காரர், மகிழ்ச்சியாக, நான்கு அளவுகளில்’ என்றிருந்தது. மூன்று ஓட்டை, ஒரு லாடி. மரு இல்லாத லாடி.

“மாசா மாசம் இப்படி ஒண்ணு வரும். சந்தா கட்டினவங்க வெட்டி ஒட்டிக்கலாம். இந்தக் கடைசி ஆளை வெட்டாம வச்சு, வாரா வாரம் நகல் எடுக்கிறேன். கோல்டன் பாஸ்கெட் விளம்பரம் ஓமஹாவுல அவங்க ஹெட் ஆபீஸ்ல இருந்து ரெடியா வருது. அவங்களும் இதே புத்தகம் வாங்குறாங்க போல.”

“மெர்ல் கார்ல உக்காந்து வரைஞ்சேன்னாரே?”

“மெர்ல் ஸ்கேல் வச்சே நேரா கோடு போட மாட்டாரு.”

லாடி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “அப்போ இது யாரு?”

“யாரும் இல்ல. எங்கயோ ஒருத்தன் ஒரு மத்தியானத்துல வரைஞ்சு போட்டிருப்பான். ஆயிரம் ஊர்ல இந்த ஆள் ரொட்டி வித்துக்கிட்டிருப்பான்.”

“மரு?”

பிளான்ச் பேனாவுக்கு மூடி போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். “நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கை தவறி ஒரு சொட்டு மை விழுந்துடுச்சு. பேப்பர் வந்ததும் வேலை போச்சுன்னு உக்காந்திருந்தேன். நீ ஓடி வந்து மெர்ல் கையப் பிடிச்சு, ‘மருவைக்கூட விடலியேய்யா!’ன்ன. மெர்ல் என்னைத் திரும்பிப் பாத்தாரு. அன்னைலேர்ந்து அது என் வேலை.”

“நான் மருவை எடுத்தது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். கன்னத்துல பிளாஸ்திரியோட நீ கொலாச்சி கட்டிக் கொடுத்த. அந்தச் செவ்வாய்க்கிழமை புள்ளி வைக்காம விட்டுப் பாத்தேன். எவனோ அந்நியன் மாதிரி இருந்தான். வச்சுட்டேன்.”

லாடி புத்தகத்து ரொட்டிக்காரரை வெகுநேரம் பார்த்தார். ஆயிரம் ஊர்க்காரன். பிறகு மேஜைமேல் மருவோடு இருந்தவரைப் பார்த்தார்.

“மணி பன்னிரண்டு ஆகப் போகுது” என்றாள் பிளான்ச். “போடவா, வேண்டாமா?”

“போடு.” அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “மருவைக் கொஞ்சம் பெருசா வை. ஓமஹாவுல இருந்து பாத்தாலும் தெரியணும். இரு, பேனாவை இப்படிக் கொடு. ஒரு வாரமாச்சும் நானே வைக்கிறேன்.”

“பாத்து. மை ஊத்தும்...”

ஊற்றியது.

வியாழக்கிழமை காலை கடைக்கு வந்த முதல் ஆள் திருமதி க்ரெய்ச்சி. ஒரு டஜன் கொலாச்சி சொல்லிவிட்டு, கையிலிருந்த பத்திரிகையின் நான்காம் பக்கத்தைப் பார்த்தாள், லாடியின் மூக்கைப் பார்த்தாள், மறுபடி பத்திரிகையைப் பார்த்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்றாள் குரலைத் தாழ்த்தி.

“எதை?”

“ஒண்ணும் இல்ல. எடுத்துட்டீங்க போல. நல்லதுதான்.”

அவள் போனதும் அல்பினா உள்ளிருந்து வந்து, அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோதித்தாள்.

“செவ்வாய்க்கிழமை எங்க போன நீ?”